ஒரு சிரிப்பு நாடகத்தின் மேடை வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

ஒரு நாடகம் எந்த ஆண்டில் அச்சில் வந்தது என்பதை நூலகப் பட்டியலே சொல்லிவிடும். அது எந்த ஊரில், எந்தப் பந்தலில், யார் யார் வேடம் கட்டி நடந்தது, எந்த இடத்தில் கூட்டம் சிரித்தது என்பதைச் சொல்ல எந்தப் பட்டியலும் இல்லை. இந்த இரண்டாவதைத்தான் மேடை வரலாறு என்கிறேன். புராண நாடகங்களுக்கும் சீர்திருத்த நாடகங்களுக்கும் பத்திரிகையில் விமர்சனம் வந்தது, மேடையில் பாராட்டுரை நடந்தது, மலர் வெளியிட்டார்கள். சிரிப்பு நாடகம் பார்த்தவர்கள் வயிறு நோகச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காவிரிக் கரை ஊர்களில் சபாக்களும் பள்ளிக்கூடங்களும் திரும்பத் திரும்ப ஆடிய கேலி நாடகங்கள், ஆடியவர்களின் நினைவோடு மறைந்துகொண்டிருக்கின்றன. இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் அச்சுக்கோப்பவனாக வேலை பார்த்தவன். ஈய எழுத்தைக் குச்சியில் அடுக்கி, டிரெடில் இயந்திரத்தில் ஏற்றி அடித்த காலம் அது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், பில் புத்தகம் இவற்றுக்கு நடுவே நாடக நோட்டீஸ்களையும் கோத்தேன். ஆகவே என் வழி நோட்டீஸிலிருந்துதான் தொடங்கும். பேராசிரியர்கள் நூலிலிருந்து தொடங்குவார்கள். நூலும் வேண்டியதுதான், ஆனால் சிரிப்பு நாடகத்துக்கு நூல் ஒரு கொழுகொம்பு மட்டுமே.

முதலில் ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'தஞ்சை வட்டார நகைச்சுவை நாடகங்கள்' என்று அகலமாகத் தொடங்கினால் ஆண்டுக்கணக்கில் குறிப்பு மட்டும் சேரும், ஒரு பக்கம்கூட எழுதி முடியாது. பல ஊர்களில், பல ஆண்டுகள், பல குழுக்கள் ஆடிய நாடகமாக அது இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'. பணக்கார வீட்டு மைனர் பெயர் சபாபதி, அவன் வேலைக்காரன் பெயரும் சபாபதி. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு வேலை செய்கிற அந்த வேலைக்காரன்தான் சிரிப்பின் ஊற்று. செலவு குறைவு, காட்சி ஜோடனை அதிகம் வேண்டாம், நாற்காலி மேசை இருந்தால் போதும். உள்ளூர்க் குழுக்களுக்கு இதைவிடத் தோதான நாடகம் கிடைப்பது அரிது. நீங்கள் வேறு நாடகத்தை எடுத்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். கூத்தாடி என்று ஒதுக்கப்பட்ட தொழிலில் படித்த உத்தியோகஸ்தர்களை இறக்கியவர். 'சபாபதி'யைப் பல பாகங்களாக எழுதினார்; ஒவ்வொன்றையும் தனியாக நடிக்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் 'சபாபதி' என்று மட்டும் இருந்தால் எந்தப் பாகம் என்று கேட்டுத் தெளிந்த பிறகே பதிவு செய்ய வேண்டும். கையில் கிடைக்கிற ஒவ்வொரு பதிப்பின் முன்பக்கத்தையும் பாருங்கள். ஆசிரியர் அனுமதி பெற்றுத்தான் நடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை அவர் தம் நூல்களில் அச்சிட்டார், நடித்தவர்களிடம் கட்டணமும் கேட்டார். இது நமக்குப் பெரிய உதவி. கட்டணம் கட்டிய சபாவின் கணக்கில் அந்தச் செலவு ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும்.

பதிப்பு விவரம் வேண்டுமானால் 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி வெளியான காலாண்டு நூற்பட்டியலைத் தேடுங்கள். சென்னை மாகாணத்தில் பதிவான ஒவ்வொரு நூலுக்கும் பக்கம், விலை, பதிப்பு எண், எத்தனை பிரதி அடித்தார்கள் என்பது வரை அதில் உண்டு. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டால் பார்க்கலாம். ஆசிரியர் 1964-இல் மறைந்தார். அறுபது ஆண்டுக் காப்புரிமைக் காலமும் கடந்துவிட்டதால் பிரதி எடுப்பதில் இப்போது தடையில்லை.

இனி நோட்டீஸ். இதில்தான் நீங்கள் நிதானமாக உட்கார வேண்டும்.

நோட்டீஸ்கள் இரண்டு வகை இடங்களில் இருக்கின்றன. ஒன்று, நூலகம். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களின் தொகுப்பு இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்தவற்றின் மேல் 1994-இல் எழுந்த நூலகம் அது. கும்பகோணத்தில் சிவகுருநாதன் செந்தமிழ் நூல் நிலையத்தையும், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, வீட்டுப் பரண். டெல்டாவில் நடந்த உள்ளூர் நாடகங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் கதி. நடித்தவர் வீடு, ஆர்மோனியக்காரர் வீடு, அரிதாரம் பூசியவர் வீடு, பந்தல் போட்டவர் வீடு. மூடிய பழைய அச்சகம் இருந்தால் அங்கே கட்டாயம் போங்கள். அடித்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாளைக் கோப்பில் குத்தி வைக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. கறையான் தின்றது போக மிச்சம் இருக்கும்.

கிடைத்த நோட்டீஸில் ஆண்டு இருக்காது. இதைக் கண்டு சோர்ந்துவிடக் கூடாது. நாளைக்கு நடக்கப்போகிற நாடகத்துக்கு ஆண்டு எதற்கு என்று நாங்களே விட்டுவிடுவோம். கிழமையும் தேதியும் மட்டும் இருக்கும். அந்த இரண்டும் போதும். 'டிசம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதி ஞாயிறாக வந்த ஆண்டுகள் 1941, 1947, 1952, 1958, 1969. ஆறு, ஐந்து, ஆறு, பதினொன்று என்ற இடைவெளியில் அது திரும்பி வரும். இப்போது ஐந்து ஆண்டுகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். அதற்கு அந்தத் தாளே சாட்சி சொல்லும்.

டிக்கெட் கட்டணத்தைப் பாருங்கள். ரூபாய், அணா என்று இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். பேச்சில் அணாக் கணக்கு அதன் பிறகும் நெடுநாள் இருந்தது, ஆனால் அச்சில் காசு விஷயத்தில் எல்லாரும் கவனமாகத்தான் இருந்தார்கள். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972-க்குப் பின். 'மாயவரம்' என்று இருந்தால் 1982-க்கு முன் என்று கொள்ளலாம். அந்த ஆண்டில்தான் ஊர்ப் பெயர் மயிலாடுதுறை ஆனது. மாறாக 'மயிலாடுதுறை' என்று இருந்தால் மட்டும் அதற்குப் பிந்தியது என்று முடிவு கட்டாதீர்கள், தேவாரப் பற்றுள்ளவர்கள் அந்தப் பெயரை முன்பே எழுதினார்கள். 'தஞ்சாவூர் ஜில்லா நாகப்பட்டினம்' என்றால் 1991-க்கு முந்தியது, அந்த ஆண்டில் நாகை தனி மாவட்டமாகப் பிரிந்தது. திருவாரூர் 1997-இல் பிரிந்தது.

எழுத்து வடிவம் ஒரு நல்ல சாட்சி, ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கக் கூடாது. லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை போட்ட பழைய வடிவங்களை 1978-இல் அரசு மாற்றியது. அதனால் புதிய வடிவம் இருந்தால் 1978-க்குப் பின் என்று பலர் எழுதுகிறார்கள். பெரியாரின் பத்திரிகைகளில் 1935-லிருந்தே சீர்திருத்த எழுத்து வந்தது. இயக்கச் சார்புள்ள அச்சகங்கள் அதைப் பின்பற்றியிருக்கலாம். மறுபக்கம், சிறு அச்சகங்கள் அரசாணை வந்த அன்றே பழைய ஈயத்தை உருக்கிவிடவில்லை. புது எழுத்து வாங்கப் பணம் வேண்டுமே. தேய்ந்து முனை மழுங்கிய பழைய 'லை'யை வைத்து எண்பதுகளிலும் ஓட்டிய அச்சகங்களை எனக்குத் தெரியும். ஆகவே எழுத்து வடிவத்தைத் தனிச் சாட்சியாக்காமல் மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

தமிழ் ஆண்டுப் பெயர் போட்டிருந்தால் அதிர்ஷ்டம்தான். 'விஷு வருஷம்' என்றால் 1941-42. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் 1881, 2001 ஆகியவையும் அதே பெயர்தான், ஆனால் தாளைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். கடைசி வரியில் பொடி எழுத்தில் அச்சகப் பெயர் இருக்கும். சட்டப்படி போட வேண்டியது அது. அந்த அச்சகம் எப்போது தொடங்கியது, எப்போது மூடியது என்று அந்தத் தெருவில் விசாரித்தால் உங்கள் ஐந்து ஆண்டுகள் இரண்டாகிவிடும்.

நோட்டீஸில் இன்னொன்றையும் படியுங்கள்: யாரை எங்கே உட்கார வைத்தார்கள். 'ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு' என்ற வரி, சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்ற வகுப்புகள், 'சபை அங்கத்தினர்களுக்கு மட்டும்' என்ற குறிப்பு. ஒரே நாடகத்துக்கு டவுன் ஹாலில் சிரித்தவர்களும் வயலோரப் பந்தலில் சிரித்தவர்களும் வேறு வேறு ஆட்கள். கும்பகோணம் போர்ட்டர் டவுன் ஹால் போன்ற மண்டபத்தில் யாரெல்லாம் உள்ளே போக முடிந்தது, யார் வெளியே நின்றார்கள் என்பதும் மேடை வரலாறுதான். வேலைக்காரன் முதலாளியை முட்டாளாக்கும் நாடகத்தில் இது சின்ன விஷயமே அல்ல. முதலாளிகள் மட்டும் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும், பண்ணையாட்கள் தரையில் உட்கார்ந்திருந்த பந்தலில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நோட்டீஸ் ஒரு வாக்குறுதி மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். நடக்கும் என்று சொன்னது நடந்ததா என்பதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டும். அமெச்சூர் சபாக்கள் இந்த விஷயத்தில் ஒழுங்கானவை. தஞ்சாவூர் சுதர்சன சபா, கும்பகோணம் வாணி விலாச சபா, திருச்சியில் எஃப்.ஜி. நடேச ஐயர் 1914-இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபா என்று டெல்டா நெடுக சபாக்கள் இருந்தன. இவற்றைப் பார்த்துச் சிற்றூர்களிலும் தோன்றின. அப்படிப்பட்ட சபா ஒன்றின் பழைய பேரேடு கிடைத்தால் வரவுப் பக்கத்தைவிடச் செலவுப் பக்கத்தைப் படியுங்கள். கியாஸ் லைட் வாடகை, படுதா வண்டிச் சத்தம், அரிதாரக்காரர் கூலி, ஆர்மோனியக்காரருக்குச் சாப்பாடு. செலவு விழுந்த இரவு நாடகம் நடந்த இரவு. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கேளிக்கை வரி விவரமும் சேர்ந்துகொள்கிறது. வரி விலக்கு கேட்டு எழுதிய விண்ணப்ப நகல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எந்தப் பள்ளிக்கு, எந்த மருத்துவமனைக்கு நிதி திரட்ட நடித்தார்கள் என்பது அதில் இருக்கும்.

காவல்துறை அனுமதிக் கடிதமும் இதே கட்டில் இருக்கும். 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. 1954-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டமே வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை ஒட்டி எழுந்த கொந்தளிப்பு அதற்குப் பின்னணி. அதன் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது 2013-இல்தான். இடைப்பட்ட காலத்தில் நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்குவது வழக்கமாக இருந்தது. சிரிப்பு நாடகத்துக்கு எதற்கு அனுமதி என்று நினைக்காதீர்கள். கடிதத்தில் நாடகத்தின் பெயர், தேதி, இடம், பொறுப்பாளர் எல்லாம் சேர்ந்து வரும். இதைவிட உறுதியான தாள் வேறு கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு நான் உயிராக மதிப்பது ஒத்திகைப் பிரதியை. மேடைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர் கையில் இருந்த நோட்டுப் புத்தகம் அது. சில குழுக்கள் அச்சு நூலையே பிரித்து, நடுவில் வெள்ளைத் தாள் வைத்துத் தைத்திருப்பார்கள். அச்சு நூல் ஆசிரியர் எழுதியதைச் சொல்கிறது, ஒத்திகைப் பிரதி ஊர் சிரித்ததைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். அடித்த வரி, சேர்த்த வரி, இடம் மாற்றிய வரி, இந்த மூன்றையும் மூன்று நிறப் பென்சிலால் உங்கள் நகலில் குறியுங்கள். மூலப் பிரதியில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது.

இப்படி ஒப்பிடும்போது ஒரு வடிவம் தெளிகிறது. பட்டணத்துப் பேச்சு முதலில் போகும். சென்னைத் தெருப் பெயர் வருகிற இடத்தில் உள்ளூர்க் கடைத்தெரு வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்ததாக ஆங்கிலப் படிப்பைக் கேலி செய்யும் வரிகள் மெலியும் அல்லது பெருகும். எது நடக்கிறது என்பது நடித்தவர்கள் பள்ளிக்கூட வாத்தியார்களா, மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளா என்பதைப் பொறுத்தது. வேலைக்காரன் பங்கு மட்டும் எல்லாப் பிரதியிலும் வளர்ந்துகொண்டே போகும். நான் பார்த்த ஒரு பிரதியில், வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்களா பார்த்து வா என்று முதலாளி அனுப்ப, வேலைக்காரன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி நிற்கிறான். திறந்தார்களா இல்லையா என்பதை முதலாளி ஒரு பக்கம் முழுக்க மன்றாடிக் கேட்க வேண்டியிருக்கிறது. அச்சு நூலில் இல்லாத காட்சி இது. முறைத் தண்ணீருக்காக மதகில் காத்துக் கிடந்த சனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! எழுதியவர் பெயர் அந்த நோட்டில் இல்லை. நகைச்சுவைக் காட்சி எழுதத் தெரிந்த ஒருவர் ஒரு சிற்றூரில் இருந்தார், அவர் எழுத்து பென்சிலில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களைப் பதிவு செய்வதற்குத்தான் இவ்வளவு பாடும்.

தாள்கள் கைக்கு வந்த பிறகே ஆட்களிடம் போங்கள். வெறுங்கையோடு போய், பழைய நாடகம் பற்றிச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டால், அந்தக் காலம் போல வருமா என்ற பேச்சுதான் கிடைக்கும். நோட்டீஸின் நகலை நீட்டி, இதில் உங்கள் அண்ணன் பெயர் இருக்கிறதே என்று சொன்னால் கதவு முழுதாகத் திறக்கும். காலை பத்து மணிக்கு மேல், சாப்பாட்டுக்கு முன் போவது நல்லது. பெரியவர்கள் அப்போது களைப்பில்லாமல் பேசுவார்கள். நாயகனாக நடித்தவரைவிட ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், கட்டியவரைத் தேடுங்கள். சேலை, சவுரி, நகை எல்லாம் யார் வீட்டிலிருந்து இரவல் வந்தது என்பதுவரை அவருக்கு நினைவிருக்கும். அந்த வீட்டு அம்மாவிடமும் பேசுங்கள். பெண்கள் பகுதியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லும் நாடகம் வேறாக இருக்கும். ஆண்கள் பகுதியில் எழுந்த சிரிப்புக்கு அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

ஆண்டு கேட்காதீர்கள். ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. மகாமகத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1945, 1956, 1968, 1980 என்று மகாமகங்கள் வருகின்றன. பன்னிரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிட்டது பாருங்கள். பிறகு புயல். 1952 நவம்பர்ப் புயலும் 1977 நவம்பர்ப் புயலும் டெல்டாவில் யாருக்கும் மறக்காதவை. பந்தல் பறந்த கதை, கொட்டகை விழுந்த கதை எல்லாம் அதில் வரும். மாதத்துக்கு வயலைக் கேளுங்கள். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புரளும் மாசி, பங்குனியா? குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முந்திய வைகாசித் திருவிழாவா? மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு ஜூன் நடுவில் தண்ணீர் திறப்பது வழக்கமாயிற்று. தண்ணீர் வாய்க்காலில் ஏறிவிட்டால் இரவு முழுக்க நாடகம் பார்க்க விவசாயிக்கு ஏது நேரம்? திருவிழா நாடகம் என்றால் கோயில் பெயரைக் கேளுங்கள், மாதம் தானே வந்துவிடும்.

எந்த இடத்தில் சிரித்தார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. கதையைச் சொல்லச் சொல்லாதீர்கள், ஒரு காட்சியை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எண்பது வயதுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். குரலைப் பதிவு செய்வதோடு, முடிந்தால் கைகளையும் படம் பிடியுங்கள். கேலி நாடகத்தின் பாதி கையில் இருக்கிறது. மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் முதலில் கோணங்கி என்ற கோமாளி வந்து குதித்துவிட்டுப் போகிறானே, அந்த மரபுக்காரர்கள் நாம். நம் ஊரில் சிரிப்பு வசனத்தில் மட்டும் நின்றதே இல்லை.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது: சினிமா. ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'சபாபதி' படம் 1941 டிசம்பரில் வந்தது. டி.ஆர். ராமச்சந்திரன் முதலாளி, காளி என். ரத்தினம் வேலைக்காரன். காளி ரத்தினம் கும்பகோணம் வட்டாரத்துக்காரர், சிறுவர்களை நடிக்க வைத்த பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் ஊறியவர். படம் வந்த பிறகு ஆடிய குழுக்கள் எல்லாம் அவர் நடையையும் இழுவையையும் பிடித்துக்கொண்டன. அதனால் நாடகம் பார்த்தேன் என்று சொல்பவர் நினைவில் படமும் கலந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, நினைவின் இயல்பு அது. படத்தை நீங்கள் பலமுறை பார்த்து, காட்சி வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதில் படத்திலும் இல்லாத, நூலிலும் இல்லாத துண்டு எது என்று பாருங்கள். அது மேடையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது ஆள் ஒருவர் அதையே சொன்னால் தயங்காமல் எழுதுங்கள். படத்தில் மட்டும் உள்ள துண்டு 1941-க்குப் பிந்திய ஒத்திகைப் பிரதியில் வந்திருந்தால் அதுவும் வரலாறுதான். சினிமாவிலிருந்து மேடைக்குத் திரும்பி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதும் முறைக்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த என் தங்கை மகள் காட்டியது. தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் ஹாப்ட்ஃபிளைஷ் என்ற அறிஞர் முன்னின்று ஒரு நாடகக் கலைக்களஞ்சியம் உருவாக்கியிருக்கிறார். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஊர் ஊராக ஆடிய கேலி நாடகத்துக்குக்கூட அதில் தனிப் பதிவு கிடைக்கிறது. முதலில் மூலம், பிறகு மொழிபெயர்ப்பும் தழுவலும், பிறகு ஆண்டு வாரியாக எந்தக் குழு, யார் இயக்கம், யார் நடிப்பு, எந்த அரங்கு. அங்கும் 1920-களிலும் 30-களிலும் பால் டி க்ரூட், ஹெண்ட்ரிக் ஹானிகோம், ஆந்த்ரே ஹியூகனெட் போன்றவர்களின் குழுக்கள் சிற்றூர் மண்டபங்களைத் தேடிப் போய் ஆடின. 1947-இல் அரசு உதவியோடு தேசிய நாடக அமைப்பு வந்தது. நம் கம்பெனிகளும் சபாக்களும் போன தடம்தான். நிறவெறி ஆட்சி அங்கே பார்வையாளர்களையும் பிரித்து வைத்தது. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை எழுதுங்கள் என்று நான் மேலே வற்புறுத்தியதற்கு அந்த நாட்டுக் கதையும் ஒரு காரணம்.

அந்த முறையை நம் தேவைக்கு இப்படி மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு அட்டை. தேதி, ஊர், இடம், குழு, எந்தப் பாகம், நடித்தவர், பக்கவாத்தியம், கட்டணம், எதற்காக நடந்தது, பிரதியில் என்ன மாற்றம், எங்கே சிரித்தார்கள், இந்த விவரம் எந்தத் தாளிலிருந்து அல்லது யார் வாயிலிருந்து வந்தது. கடைசியாகச் சொன்னதை ஒருபோதும் விடாதீர்கள். தாளில் உள்ளதை நீல மையிலும், கேட்டதைப் பென்சிலிலும் எழுதுங்கள். கேட்டது தாளால் உறுதியானதும் அதன்மேல் மை ஏற்றுங்கள். தேதி தெரியாவிட்டால் 1956 மகாமகத்துக்கும் 1968 மகாமகத்துக்கும் இடையில் என்று எழுதினாலே போதும். ஊகித்து ஒரு ஆண்டைப் போட்டுவிட்டால் அடுத்து வருகிறவர் அதையே வேதமாக எடுத்துக்கொள்வார். உயிரோடு இருப்பவர் பெயரை அவர் ஒப்புதல் பெற்றுச் சேருங்கள். ஸ்திரீபார்ட் கட்டியதை வீட்டாரிடம் சொல்லாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அட்டைகள் சேர்ந்ததும் ஊர்வாரியாக அல்ல, ஆண்டுவாரியாக அடுக்குங்கள். அப்போதுதான் நாடகம் நடந்து போன வழி தெரியும்: சபாவிலிருந்து பள்ளி ஆண்டு விழாவுக்கு, அங்கிருந்து அலுவலக மனமகிழ் மன்றத்துக்கு, அங்கிருந்து கிராமத்துப் பொங்கல் விழாவுக்கு. முழு நாடகம் இரண்டு காட்சியாகச் சுருங்கி, கடைசியில் ஒரே துணுக்காக நிற்பதையும் காண்பீர்கள். அந்தத் துணுக்கையும் பதிவு செய்யுங்கள்.

தாள்களைப் பாதுகாப்பது பற்றி அச்சுத் தொழிலாளியாக ஒரு சொல். நோட்டீஸ் தாள் மட்டமான தாள், மடிப்பில்தான் முதலில் உடையும். மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், பசை பழுத்து எழுத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வைப்பது நல்லது. வீட்டுக்காரர் தாளைக் கொடுக்கத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துக் கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தை எடுக்க மறக்காதீர்கள். பின்பக்கத்தில்தான் யாராவது பால் கணக்கு எழுதி, தேதியும் போட்டிருப்பார்கள்.

முடித்த தொகுப்பை மூன்று நகல் எடுத்து, ஒன்றை உங்கள் ஊர் நூலகத்துக்கும், ஒன்றைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும், ஒன்றை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் கொடுங்கள். நோட்டீஸ் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் பெயர் வரும் பக்கத்தையாவது நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த கட்டுத் தாள் பரணிலிருந்து இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.